ஏப்ரல் 4 வந்த தகவல்

1942க்கும் 2019க்கும் இடையில் ஒரு தற்செயல் இருக்கிறது. இரண்டு ஆண்டிலும் ஏப்ரல் 4ஆம் திகதிதான் எச்சரிக்கை வந்தது. இரண்டிலும் அடி விழுந்தது உயிர்த்த ஞாயிறன்று.

முதலாவதில், லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை அனுப்பியும் விட்டார். கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. ஆனாலும் மறுநாள் காலை ரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே குண்டு விழுந்தது. திருகோணமலைக்கு 8ஆம் திகதியே தகவல் வந்தது. ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அன்றிரவே கடலுக்கு அனுப்பினார்கள். 9ஆம் திகதி காலையில் துறைமுகம் தாக்கப்பட்டது. தப்பிப்போன ஹேர்ம்ஸும் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் அதனோடு போனார்கள். திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் போகும் வீதியோரத்தில் அந்தப் போர்க்காலத்து மயானம் இன்றும் துப்புரவாகப் பராமரிக்கப்படுகிறது.

இப்படி வரும் எச்சரிக்கைகளையும் ஆராய்வதற்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு என்று இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறையே இருக்கிறது. அமெரிக்கா 2002இல் சட்டம் இயற்றி, 22 அமைப்புகளை ஒன்றாக்கித் தனித் திணைக்களம் தொடங்கிய பிறகு அது வேகமாக வளர்ந்தது. ஆனால் அதன் அடிப்படை நூல்களில் ஒன்று 1962இலேயே வந்துவிட்டது. பேர்ள் ஹாபர் தாக்குதலை ஆராய்ந்த ரொபேர்ட்டா வோல்ஸ்டெட்டர், தகவல் இல்லாமல் போனது குற்றமல்ல என்றார். தேவையான தகவல் தேவையற்ற தகவல்களின் இரைச்சலில் அமுங்கிப்போனதுதான் வினை. 1978இல் ரிச்சர்ட் பெட்ஸ் இன்னும் கசப்பாக, இத்தகைய தவறுகளை முற்றாகத் தவிர்க்கவே முடியாது என்று எழுதினார். 2013இல் எரிக் டால் இருவரோடும் முரண்பட்டார். தகவல் துல்லியமாக இருக்க வேண்டும், அதைக் கேட்பவருக்குக் கேட்கும் மனமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தடுக்கலாம் என்பது அவர் முடிவு.

என் வாக்கு டாலுக்குத்தான். காரணம் 2019.

அந்த ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து வந்த தகவலில் இரைச்சலே இல்லை. பின்னர் தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் இருந்தது. அது மேசைக்கு மேசை கடிதமாக நகர்ந்தது. 21ஆம் திகதி மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் அதில் ஒன்று. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையில் மூண்ட 2018 ஒக்டோபர் அரசியல் நெருக்கடிக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படுவதே இல்லை என்பது பின்னர்தான் வெளியே வந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. பொலிஸ்மா அதிபர், புலனாய்வுத் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் ஆகியோரும் செலுத்த வேண்டியிருந்தது. இத்துறையில் நம் மாணவர் ஒரே ஒரு வாசிப்புடன் நிறுத்திக்கொள்வதென்றால் அந்தத் தீர்ப்பை வாசிக்கட்டும்.

இந்தியா சொல்வதற்கு ஈராண்டு முன்பே காத்தான்குடி முஸ்லிம்கள் சஹ்ரானைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். ஊர் சொன்னதும் கேட்கப்படவில்லை, அயல்நாடு சொன்னதும் கேட்கப்படவில்லை. பிறகு அதே முஸ்லிம்களின் வீடுகள்தான் சல்லடை போட்டுத் தேடப்பட்டன. தமிழில் கவிதை எழுதிய அஹ்னாஃப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தொகுப்பைக் காரணங்காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். விடுதலை 2023 டிசம்பரில். பெயரும் இலக்கும் குறித்து வந்த கடிதத்தை வாசிக்காத அரசு, கவிதைப் புத்தகத்தை வரி வரியாக வாசித்தது!

அந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமாயிற்று. சாம்பல்தீவு, உப்புவெளி வயதானவர்களுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமில்லை. கடற்படை, இராணுவம், பொலிஸ் என்று சீருடை நிறைந்த மாவட்டம் இது. அப்படியிருந்தும் 2006 ஜனவரி 2இல், திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், சோதனைச்சாவடிகள் சூழ்ந்த இடத்தில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று மாதத்துக்குள், அந்தக் கொலைகளின் சந்தேக நபர்களான பாதுகாப்புப் படையினர் 13 பேரும் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டனர். சாட்சி சொல்லப் பயந்த ஊரில் யார்தான் தானாகப் போய்ப் பொலிசில் தகவல் சொல்வார்? புலனாய்வு பற்றிய நூல்கள் இந்தக் கேள்வியை அடிக்குறிப்பில் வைத்திருக்கின்றன. இங்கே அதுதான் முதல் அத்தியாயம்.

அரசு சொல்வதை மக்கள் கேட்பதும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இந்தக் கரையில் அலை ஏறியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் குச்சவெளிக்கு அருகே கரையேறியபோது, கிழக்கில் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே கரையை விட்டு நகர்ந்திருந்தார்கள். கச்சேரி சொன்னது, கிராம உத்தியோகத்தர் வந்து சொன்னார், சனம் எழும்பிப் போனது. புயலைப் பற்றிச் சொல்ல வந்தவர், திரும்பிப் போகும்போது யாருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போகவில்லை.