பார்பிக்யூ தட்டில் ஒரு சட்டம்

புது தில்லி: விறகுப் புகையில் மணிக்கணக்கில் வெந்த மாட்டின் நெஞ்சுக்கறியே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில பார்பிக்யூவின் அடையாளம். அதைப் புணே அருகே பிம்ப்ரியில் பரிமாற விரும்பும் உணவகத்துக்கு, சட்டப்படி உள்ளூரில் அறுத்துக் கிடைப்பது எருமை இறைச்சியே.

மகாராஷ்டிரத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடை செய்தது. காளைகளையும் எருதுகளையும் அதில் சேர்த்து 1995-இல் நிறைவேறிய திருத்தம், 2015-இல்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மீறி அறுப்போருக்கு 5 ஆண்டு வரை சிறை. பிற மாநிலங்களில் அறுத்த மாட்டிறைச்சியை வைத்திருப்பதும் குற்றமாயிற்று.

2016 மே 6-இல் மும்பை உயர் நீதிமன்றம் வதைத் தடையை உறுதி செய்தது. வெளிமாநில இறைச்சி குறித்த பிரிவை அந்தரங்க உரிமைக்கு முரணானது என ரத்து செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எதை உண்பது என அரசு கூறுவதை எவரும் விரும்பமாட்டார்கள் என அதில் நீதிபதி செலமேஸ்வர் குறிப்பிட்டார்.

உண்பவரின் உரிமைக்கு நீதிமன்றத்தில் இடம் கிடைத்தது. உழைப்பு ஓய்ந்த எருதை விற்று வந்த விவசாயிக்கும், அதை வாங்கி வந்த இறைச்சி வணிகருக்கும் அது கிட்டவில்லை.