செவிலியர் கரத்தில் விஞ்ஞானம்

அம்பத்தூர் என்றவுடன் சென்னைவாசிகளுக்கு நினைவு வருவது தொழிற்பேட்டையும், லேத்துப் பட்டறைகளும், ஷிப்டு மாறும் வேளையில் சாலையை நிறைக்கும் தொழிலாளர் கூட்டமுமேயன்றி, அதனை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே, நோய்கள் யாரை வாட்டுகின்றன, எதனால் பெருகுகின்றன, எதனால் தணிகின்றன என்பதைக் கணக்கிட்டு ஆராயும் ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அது. ஆவடியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கென இயங்கி வந்த கள நிலையமும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999-ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டு இந்த நிறுவனம் உருவாயிற்று. கிராமங்களுக்குச் சென்று மனிதரின் தோலில் தேமலைத் தேடியவர்களும், அவர்கள் எழுதிக் கொணர்ந்த குறிப்புகளிலிருந்து உண்மையைப் பிரித்தெடுத்த கணிதவல்லுநர்களும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தது மிகவும் பொருத்தமான சேர்க்கை; ஏனெனில், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் கையும் கணக்கிடும் மதியும் பிரிந்து நிற்கும் இடத்தில் வைத்திய சாஸ்திரம் வளர்வதில்லை.

நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கை பெரும்பாலும் செவிலியருடையது. மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். அந்தத் தீர்மானத்தை நாளெல்லாம், இரவெல்லாம் நிறைவேற்றுபவர் நர்ஸ். ஆகவே ஓர் ஆராய்ச்சியின் முடிவு எத்தனை உயர்ந்த சஞ்சிகையில் வெளிவந்தாலும், அது செவிலியரின் அன்றாட வேலையில் கலந்தாலொழிய நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த உண்மையை அயப்பாக்கத்து நிறுவனம் பங்கு கொண்ட திட்டம் ஒன்று நன்கு விளக்குகிறது.

காசநோய்க்கு மருந்து உண்டு. அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது. ஆறு மாதம் ஒழுங்காக உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அப்படியிருந்தும் நோயாளிகளில் ஒரு பகுதியினர் மாண்டு போகிறார்கள் என்பதும், அம்மரணங்களில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்கின்றன என்பதும் ஆராய்ச்சியாளர்களின் சிந்தனையைத் தூண்டின. மருந்து வேலை செய்வதற்குள் உயிர் போய்விடுகிறது என்றால், நோயாளி முதல் நாள் படியேறி வரும்போதே உடல் அளவுக்கு மீறி நலிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அத்தகையவரை அன்றைக்கே இனங்கண்டு படுக்கையில் சேர்த்துவிட்டால் காப்பாற்றலாம். ஆனால் எப்படி இனங்காண்பது? தேசிய வழிகாட்டுதலில் சொல்லப்பட்ட 16 அறிகுறிகளில் பல, இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டி நின்றன; ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை உடனுக்குடன் கிடைப்பதில்லை; கிடைத்து வருவதற்குள் நோயாளி பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

ஆகவே, எந்தச் சுகாதார ஊழியரும் சில நிமிஷங்களில் பார்த்துவிடக்கூடிய ஐந்தே அறிகுறிகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவையே அந்த ஐந்து. இதனை அடிப்படையாகக் கொண்டு, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டமும் அதில் அடக்கம்.

இந்த ஐந்தும் பார்வைக்கு எளியவை. செய்வதற்கோ சிரத்தை வேண்டுபவை. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீடு 14-க்குக் கீழே போவது பேராபத்து. ஐந்தேகால் அடி உயரமுள்ள ஓர் ஆள் 36 கிலோகூட இல்லாமல் வந்து நிற்கும் நிலை அது. காலில் வீக்கம் உண்டா என்று பார்க்க, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை அழுத்திச் சில விநாடிகள் வைத்திருந்து எடுக்கவேண்டும். பள்ளம் விழுந்து அது மெல்ல மெல்லவே நிரம்புமானால் உடலில் நீர் கோத்திருக்கிறது. ஊட்டமின்றி மெலிந்த நோயாளிக்கு இந்த நீர் எடையைக் கூட்டிக் காட்டி, அவருடைய மெலிவை மறைத்துவிடும். ஆதலால் காலில் வீக்கம் உள்ளவருக்குக் குறியீடு 16 இருந்தாலும் ஆபத்தானவர் என்றே கொள்ளவேண்டும் என்று விதி வகுத்தார்கள். பிராணவாயுவின் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் ஆபத்தே. விரலில் மாட்டும் சிறு கருவி அதனைக் காட்டிவிடும் என்றாலும், விரல் குளிர்ந்திருந்தாலோ நகத்தில் சாயம் பூசியிருந்தாலோ கருவி பிழை சொல்லும் என்பதை அறிந்தவரே அதனைச் சரியாகப் படிக்க முடியும்.

ஐந்திலும் அதிக அலட்சியத்துக்கு உள்ளாவது மூச்சு எண்ணிக்கைதான். நோயாளி தம் மூச்சு எண்ணப்படுகிறது என்று அறிந்தால் அதன் வேகம் மாறிவிடும். எனவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு எழுந்து தாழ்வதைக் கடிகாரத்தோடு ஒரு முழு நிமிஷம் கவனிக்கவேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். எதிரே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு நிமிஷம் நெடும்பொழுதாகத் தோன்றுவதால், ஒரு பார்வை பார்த்துவிட்டு 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் வழக்கம் உலகெங்கும் மருத்துவமனைகளில் உண்டு. நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்கும் காசநோயாளி ஒருவருக்கு 20 என்று எழுதிவிட்டால், அந்த எண் அவரை ஆபத்தில்லாதவர் பட்டியலில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்ட உண்மை அந்த ஒரு நிமிஷத்தில் காக்கப்படுகிறது, அல்லது கைநழுவுகிறது.

இவ்வாறு பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் ஆபத்து நிலையில் இருப்பது தெரியவந்தது. அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, பிராணவாயுவும் மருந்தும் அளிப்பதோடு ஊட்டமும் அளிக்கவேண்டும். அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு: நெடுநாள் பட்டினியில் வாடிய உடம்புக்கு ஒரேயடியாக உணவை நிறையக் கொடுத்தால் இரத்தத்தின் உப்புச்சத்துக்கள் நிலைகுலைந்து உயிருக்கே ஊறு நேரலாம், ஆகவே அளந்து, சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அன்பின் மிகுதியால் உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவரும் அடுக்குச் சாப்பாட்டைப் பார்த்து, “இன்னிக்கு இவ்வளவு போதும்மா, நாளைக்குக் கொஞ்சம் கூட்டிக்கலாம்” என்று இதமாகச் சொல்லித் தடுக்கும் வார்டு சிஸ்டர், தாம் அறிந்தோ அறியாமலோ, சாஸ்திரத்தின் ஒரு முடிவையே செயல்படுத்துகிறார்.

இந்த முயற்சிக்கு மூதாதை ஒன்று சென்னையிலேயே உண்டு. காசநோயாளிக்கு மலைக்காற்றும், பூரண ஓய்வும், உயர்ந்த ஆகாரமும் கொண்ட சானடோரிய வாசம் இன்றியமையாதது என்று உலகம் நம்பிய காலத்தில், 1956-ஆம் ஆண்டு, சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் ஆராய்ச்சிகளுக்குத் தலைமை தாங்கினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பட்சபாதமின்றி இரு கூறாக்கி, ஒரு கூறினரைச் சானடோரியத்திலும், மற்றவரை அவரவர் வீட்டிலுமாக, ஒரே மருந்தை ஓராண்டு காலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியது: ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும், நெரிசலும் வறுமையும் மிகுந்த வீடுகளில் இருந்தோரில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலேயே இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை என்று பின்னர் நடந்த தொடர் ஆய்வுகள் காட்டின. இவ்வாராய்ச்சிக்குப் பிறகு சானடோரியங்கள் தம் முக்கியத்துவத்தை இழக்கத் தொடங்கின. வீட்டுச் சிகிச்சை உலகெங்கும் முறையாயிற்று.

இந்தப் பெருமாற்றத்துக்கு ஆதாரமாக நின்றது எது? நோயாளி மருந்தை உண்மையில் விழுங்கினாரா என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை. அந்த விடையைத் தேடிக் கொணர்ந்தவர்கள், முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிச்சமிருந்த மருந்தை எண்ணியும், பரிசோதனைக்குச் சிறுநீரைச் சேகரித்தும், சோர்ந்தவரைத் தேற்றியும் உழைத்த சுகாதாரப் பார்வையாளர்களும் செவிலியர்களும். அவர்களுடைய குறிப்பேடு பொய்த்திருந்தால் 92-க்கும் 86-க்கும் ஒரு பொருளும் இருந்திராது.

செவிலியர் பிறருடைய ஆராய்ச்சிக்குக் கைகொடுப்பவர் மாத்திரம் அல்லர். தாமே கேள்வி எழுப்பி விடை கண்டவர்களும் உண்டு. படுத்த படுக்கையான முதியவர்களுக்கு முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் தடவித் தேய்த்துவிட்டால் படுக்கைப் புண் வராது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியர், இரு சகாக்களுடன் சேர்ந்து முதியோர் வார்டுகளில் இதனை ஆராய்ந்து, 1962-இல் வெளியிட்ட நூலில், தடவும் பொருள்களால் அல்ல, அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்து அழுத்தத்தை நீக்குவதனாலேயே புண் தடுக்கப்படுகிறது என்று நிறுவினார். தேய்ப்பதால் நலிந்த தோலுக்குத் தீங்கும் விளையக்கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. எனினும் அந்தச் சம்பிரதாயம் நம் வீடுகளிலும் சில வார்டுகளிலும் இன்றும் பிடிவாதமாக வாழ்கிறது.

சில வேளைகளில் நிரூபணம் வேலையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவும் செய்யும். கையில் நரம்பூசி போட்டால் அது நன்றாக வேலை செய்தாலும் மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றி வேறிடத்தில் குத்தவேண்டும் என்பது நெடுநாள் விதி. ஆஸ்திரேலியச் செவிலியர் கிளேர் ரிக்கார்டும் அவருடைய குழுவினரும் 3,283 நோயாளிகளிடம் இதனைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, நாள் கணக்கில் மாற்றினாலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றினாலும் இரத்தக்குழாய் வீங்கியவர்கள் 7 சதவீதமே. ஆனால் இதனைப் படித்துவிட்டு ஊசியை அப்படியே மறந்து விட்டுவிடலாகாது. ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசியிடத்தைக் கண்ணால் பார்த்து, சிவப்போ வலியோ வீக்கமோ தோன்றிய கணமே கழற்றும் வார்டுக்கே இம்முடிவு பொருந்தும். ஆராய்ச்சி தந்த ஆதாரம், செவிலியரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் இணைத்து முடிவு செய்வதே ஆதாரவழிப் பராமரிப்பு என்று சொல்லப்படுவதன் சாரம்.

தமிழ்நாடு இவ்வழியில் பின்தங்கிய மாநிலம் அன்று. பிரசவ அறைக்குள் உறவினர் நுழையலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்று 2004-லேயே இங்கு வழி செய்தார்கள். பிரசவத்தின்போது இடைவிடாத துணை பெற்றவர்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல தேசங்களில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு உறுதிப்படுத்துகிறது. தாயோ அக்காளோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இனி நம் மேற்குப் புறநகரின் கடமையைப் பார்ப்போம். அயப்பாக்கத்தில் தேசிய நிறுவனம் இருக்கிறது. பூந்தமல்லியில் சுகாதார ஊழியருக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. அம்பத்தூர்ச் சாலை தொடங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை செவிலியர் கல்லூரிகள் பல இருக்கின்றன. அக்கல்லூரிகளில் முதுகலை மாணவியர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார்கள். அவற்றுள் பல, சிலபேருக்கு ஒரு பாடம் நடத்தி, பாடத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் வாங்கிய மதிப்பெண்களை ஒப்பிடுவதோடு நின்று, பைண்டு செய்யப்பட்டு நூலக அலமாரியில் உறங்குகின்றன. இந்த உழைப்பு வீணாகலாகாது. ஐந்தாறு கல்லூரிகள் கூடி, வார்டில் எழும் ஒரே கேள்வியை ஒரே முறையில் ஆராய்ந்தால், சிதறிய சிறு எண்கள் ஒன்றுசேர்ந்து நம்பத்தக்க ஆதாரமாகும். ஆவடி வெயிலில், மின்விசிறி மாத்திரமே உள்ள வார்டில், வியர்வையில் நனையும் முதுகுக்கு எத்தனை மணிக்கொருமுறை புரட்டிவிடுவது தகும் என்ற கேள்விக்கு லண்டன் விடை சொல்ல இயலாது, இங்குள்ளவர்களே காணவேண்டும்.

அதற்கு முதலில் வேண்டியது அவகாசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். முப்பது பேருக்கு ஒரே நர்ஸ் இரவுப் பணி பார்க்கும் வார்டில், ஒவ்வொருவர் மூச்சையும் முழு நிமிஷம் எண்ணு என்று கட்டளையிடுவது நியாயமாகாது. போதிய செவிலியரை நியமிப்பதும் விஞ்ஞானத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே என்பதை ஆள்வோர் உணரவேண்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் மௌனமாக நிற்கும்போது, “என்ன சிஸ்டர், எப்படி இருக்கு?” என்று இடையில் கேட்காதீர்கள், அந்த ஒரு நிமிஷத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். எண்ணி முடித்தபின் என்ன கணக்கு என்று கேளுங்கள். எத்தனை மணிக்கொருமுறை புரட்டவேண்டும், ஊசியிடத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்றும் கேட்டறியுங்கள். கேட்கும் குடும்பமும், அவகாசமுள்ள செவிலியரும், அவர் குறிப்பை மதிக்கும் மருத்துவரும் ஒருங்கே வாய்த்த இடத்தில் ஆராய்ச்சியின் பயன் நோயாளியைத் தவறாமல் வந்தடையும்.