தெருவோரக் குழந்தைகள் இல்ல வாழ்க்கைக்குப் பழகுதல்

தெருவிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் வாழ்ந்த குழந்தைகள், பிற குழந்தைகளுடன் ஓர் இல்லத்தில் தங்கி வாழப் பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இந்தியாவில் இவர்களின் பராமரிப்பு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் கீழ் வருகிறது. 1098 என்ற உதவி எண் வழியாகவோ காவலர் மூலமாகவோ மீட்கப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குடும்பத்துடன் சேர்த்து வைப்பதே முதல் நோக்கம். அது இயலாதபோது குழந்தை இல்லத்திற்கு அனுப்பப்படுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தெருவில் அக்குழந்தை குப்பை பொறுக்கியோ, ரயில் பெட்டிகளைக் கூட்டியோ தானே சம்பாதித்திருக்கும். வைத்திருந்தால் இரவில் யாரேனும் பறித்துக்கொள்வார்கள் என்பதால் கிடைத்ததை அன்றே சாப்பாட்டிற்கும் சினிமாவிற்கும் செலவழித்திருக்கும். எங்கே தூங்குவது, யாருடன் இருப்பது என்பதெல்லாம் அதன் முடிவு. இல்லத்திலோ மணி அடித்தால் எழ வேண்டும், வரிசையில் நின்று சாப்பிட வேண்டும். காவலரிடம் அடிபட்ட சிறுவனுக்குப் பூட்டிய வாயில் சிறையாகவே தெரியும்.

முதல் வாரங்களில் சோற்றையோ ரொட்டியையோ தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பதுண்டு. இதைத் திருட்டு என்று தண்டிப்பது தவறு. அடுத்த வேளை உணவு உறுதி என்று நம்பிக்கை வந்ததும் பெரும்பாலும் தானே குறையும். கட்டில் பிடிக்காமல் தரையில் படுத்தால் விட்டுவிடலாம். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னாலும் துருவிக் கேட்காமல் காத்திருப்பது நல்லது. ஒட்டுப்பசை, ஒயிட்னர் முகரும் பழக்கம் மட்டும் வேறு வகை. நிறுத்தியதும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரக்கூடும். இதற்கு மருத்துவ உதவி தேவை. இல்லங்களில் குழந்தைகளை அடிப்பது மேற்கண்ட சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

பலர் ஓடிப்போவார்கள். உடனே காவல்துறைக்குத் தெரிவித்துத் தேட வேண்டும். திரும்பி வரும் குழந்தைக்கு முதலில் சாப்பாடு போட்டு, கேள்விகளை மறுநாளுக்கு வைத்துக்கொண்டால் அது மீண்டும் ஓடும் வாய்ப்பு குறையும். ஏன் போனது என்று பார்த்தால், தெருவில் தன்னைக் காத்த நண்பனைத் தேடியோ, வேறு இல்லத்திற்கு அனுப்பப்பட்ட தங்கையைத் தேடியோ போயிருக்கும். ஆண், பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி இல்லங்கள் என்பதால் உடன்பிறந்தோர் சந்திக்க நாள் குறித்துக் கொடுப்பது அவசியம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கே போகாத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. எழுத்துத் தெரியாத சிறுவனும் சில்லறைக் கணக்கை மனத்திலேயே போடுவான். கணிதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.