கரியால் உரம் பெறும் இழைகள்

நாம் சீவியெடுக்கும் ரப்பர் பால் உறைந்து, காய்ந்து, டயர்த் தொழிற்சாலையை அடைந்ததும் அதனுடன் கரித்தூள் சேர்த்துப் பிசையப்படுகிறது. டயர் கறுப்பாக இருப்பதற்கும், விரைவில் தேயாமல் உழைப்பதற்கும் அக்கரித்தூளே காரணமாகும். ரப்பரைப் போன்று நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்களைப் பாலிமர் என்பர். பாலிமருக்குக் கரி உரமூட்டும் என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்ட உண்மை.

1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, கரியணுக்கள் நுண்ணிய குழாய்களாக அமைந்திருப்பதை மின்னணு நுண்ணோக்கியின் துணையால் கண்டு விளக்கினார். இவற்றை நானோ குழாய்கள் என்பர். தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள இக்குழாய்கள், எஃகினும் வலியவை. எடையிலோ எஃகினும் மிகக் குறைந்தவை.

எனினும், இவற்றைப் பாலிமருடன் வெறுமனே கலந்துவிட்டால் வலிய இழை கிடைத்துவிடாது. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, குழாய்கள் கட்டிக்கட்டியாகத் திரளாமல் சீராகப் பரவியிருத்தல் வேண்டும். திரண்ட இடத்தில்தான் இழை முதலில் அறும். இரண்டாவது, கயிற்றில் நார்கள் ஒரே போக்கில் கிடப்பதுபோல், குழாய்களும் இழையின் நீளவாட்டில் அமைதல் வேண்டும். மூன்றாவது, பாலிமர் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் உறையிலிருந்து கத்தி உருவப்படுவதுபோல் அவை நழுவிவிடும்.

2000-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்டோ நகர ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். சவர்க்காரம் போன்ற பொருளின் உதவியால் குழாய்களை நீரில் பரவச் செய்து, அந்நீரை மெல்லிய துளை வழியே, ஓடிக்கொண்டிருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலினுள் செலுத்தினர். ரப்பர் பாலில் தனித்தனியே மிதக்கும் துகள்கள் அமிலம் பட்டதும் ஒன்றுகூடி உறைவதை நாம் அறிவோம். அதுபோலவே, இங்கு அப்பாலிமர் பட்டதும் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாயின. கரைசலின் ஓட்டம் அவற்றை ஒரே போக்கில் நிறுத்தியது.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையைத் திருத்தி, 100 மீட்டர் நீளமுள்ள இழைகளை நூற்றனர். அவற்றின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நானோ குழாய்களே. ஒரு கிராம் இழை அறுவதற்கு முன் 570 ஜூல் ஆற்றலைத் தாங்கியது. சிலந்தி இழை தாங்குவதோ ஏறத்தாழ 165 ஜூல்தான்.

இப்பொருளில் ஓர் ஆபத்தும் உண்டு. பாலிமருள் பிணைக்கப்படாத நானோ குழாய்த் தூள் மூச்சுடன் கலந்து நுரையீரலை அடையக்கூடும். 2014-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இக்குழாய்களுள் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், இத்தகைய தூளைக் கையாள நேரின், அது யாதெனக் கேட்டறிந்து, உரிய முகக்கவசமும் கையுறையும் அணிந்த பின்னரே பணியாற்றுதல் வேண்டும். இழையின் வலிமையினும் அதை நூற்போரின் உடல்நலமே பெரிதென்பதை நாம் மறத்தலாகாது.