நிழற்படமும் நெசவும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் முந்தானையில் மயிலும் அன்னமும் மாங்காயும் விளங்குவதைக் காணாதார் அரியர். அம்மயில் தறியில் பிறப்பதன்று. சிறு சிறு கட்டங்கள் அச்சிட்ட தாளிலே பிறப்பது. ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் குறுக்கிடும் ஓரிடம். எக்கட்டத்தில் சரிகை மேலே தோன்ற வேண்டும், எக்கட்டத்தில் மறைய வேண்டும் என்பதை வரைவோர் ஒவ்வொன்றாகக் குறிப்பர். அக்குறிப்பின்படி அட்டைகளில் துளையிட்டு, தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பொறியில் கோப்பர். பிரெஞ்சுக்காரராகிய ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற பொறி இது. துளையுள்ள இடத்தில் பாவிழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. அருகில் நின்று நோக்கினால் மயிலின் கழுத்தோரம் படிப்படியாகத் தெரியும். சற்று விலகி நின்றால் அதுவே வளைந்த கோடாகத் தோன்றும்.

கணிப்பொறித் திரையில் காணும் நிழற்படமும் இத்தகைய கட்டங்களால் ஆனதே. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர் தம் குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணிப்பொறியில் ஏற்றினார். அதில் வரிசைக்கு 176 கட்டங்களாக 176 வரிசைகள் இருந்தன. மொத்தம் 30,976 கட்டங்கள். இன்று கைப்பேசி எடுக்கும் ஒரு படத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் மூன்று எண்கள் குறிக்கப்பெறும். 0 என்றால் அந்நிறத்தின் ஒளி அறவே இல்லை. 255 என்றால் முழு ஒளி. நிழற்படத்தைத் திருத்துதல் என்பது இவ்வெண்களை மாற்றுதலே.

இதனைச் செய்யும் மென்பொருள்கள் பல. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995-இல் தொடங்கிய கிம்ப் என்பது விலையின்றிக் கிடைப்பது. ஆதலின் பள்ளி மாணவரும் அதனைக் கொண்டு பயிலலாம்.

பயிற்சியை ஒரு தோட்டத்திலேயே தொடங்கலாம். கோயில் நந்தவனத்து மர நிழலில் பூத்திருக்கும் நந்தியாவட்டையைப் படமெடுத்தால், வெள்ளைப் பூ பல வேளைகளில் நீலம் பாய்ந்து காணப்படும். நிழலில் விழும் ஒளி பெரும்பாலும் வானின் நீல ஒளி ஆகையால், பூவின் எண்கள் 170, 185, 215 என அமைந்துவிடுகின்றன. வெள்ளைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். மென்பொருளில் அப்பூவைச் சுட்டி, ‘இது வெள்ளை’ என்று அறிவித்தால் அது சிவப்பைப் பெருக்கி நீலத்தைக் குறைக்கும். அதே அளவில் இலையும் தண்டும் மண்ணும் தத்தம் நிறம் பெறும். தவறி ஒரு பச்சிலையைச் சுட்டினாலோ படம் முழுதும் செந்நீலம் படர்ந்துவிடும். விளக்கொளியில் ஒரு நிறமாகத் தோன்றிய பட்டு, தெருவில் பகலொளியில் வேறு நிறமாகத் தோன்றுவதை அறிந்த காஞ்சி மக்களுக்கு இது புதுமையன்று. ஆனால், எல்லா ஒளியையும் வெண்மையாக்குதலும் நன்றன்று. அந்திப் பொன்னொளியைத் துடைத்துவிட்ட படத்தில் அந்தி ஏது?

இதனினும் அரிய பாடத்தைக் கற்பிப்பது வேடந்தாங்கல். 1936-ஆம் ஆண்டு முதல் பறவைகளின் புகலிடமாகப் பேணப்படும் இவ்வேரி, 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இப்பொழுது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. நீரில் நிற்கும் மரமொன்றில் வெண்கொக்கும் கரிய நீர்க்காகமும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன என்று கொள்க. கருவி இருண்ட மரத்தையும் நீரையும் நோக்கி மிகுதியாக ஒளியை ஏற்றால், கொக்கின் உடலெங்கும் 255 என்னும் ஒரே எண் பதிந்துவிடும். பின்னர் அதிலிருந்து 50-ஐக் கழித்தால் உடலெங்கும் 205 ஆகுமேயன்றி இறகின் வரி ஒன்றும் தோன்றாது. வெண்திட்டு சாம்பல் திட்டாவதே பயன். ஒளியைக் குறைத்து ஏற்றிருந்தாலோ, நீர்க்காகம் வெறும் இருளாய்த் தோன்றினும் அதன் எண்கள் 5, 8, 12 என வேறுபட்டிருக்கும். அவற்றை நான்கால் பெருக்க 20, 32, 48 ஆகி, இறகின் அடுக்குகள் வெளிப்படும். அவற்றோடு சிறிது புள்ளியும் பொரியும் எழுதலும் உண்டு. பதிந்த வேற்றுமையை மென்பொருள் பெருக்கும், பதியாததை அறியாது. தறியில் ஊடாத சரிகையை முந்தானையில் எவ்வாறு தேடுவது? ஆதலின் வெண்பறவை உள்ள காட்சியில் வெண்மை அழியாதவாறு படமெடுப்பர் வல்லுநர்.

சாய்ந்த அடிவானத்தை நேராக்குதல், வேண்டா ஓரங்களை வெட்டுதல் முதலியன எளியவை. கூர்மையாக்குதல் மட்டும் எச்சரிக்கைக்கு உரியது. அது விளிம்பின் இருபுறத்து ஒளி வேறுபாட்டை மிகுவிப்பதால், அளவு மீறினால் இதழைச் சுற்றி வெண்கோடு ஓடிவிடும்.

திருத்துதல் கணிப்பொறியோடு வந்ததன்று. பிலிமின் காலத்தில் இருட்டறையில் அச்சிடுவோர், ஒளி விழும் வழியில் கையால் மறைத்து ஒரு பகுதியை வெளிறச் செய்வர். மற்றொரு பகுதிக்கு மிகுதியாக ஒளி காட்டிக் கருமையாக்குவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும் இயற்கை அறிஞருமாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் விரும்பி எடுத்தார். நிறமே இல்லாத அப்படங்களில் யானையின் தோற்சுருக்கமும் நிற்கும் நிலையும் தெளிவுற விளங்கும். நிறத்தை மிகுவிப்பதொன்றே திருத்தம் என்று எண்ணும் இக்காலத்தார் அவற்றை ஒருமுறை காண்பது நலம்.

எங்கே நிறுத்துவது என்னும் வினாவும் உண்டு. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ், எகிப்தியப் பிரமிடுகளின் அகலமான படத்தை நெடிய அட்டையில் அடக்கும்பொருட்டுப் பிரமிடு ஒன்றைக் கணிப்பொறியால் மற்றொன்றன் அருகே நகர்த்தியது. அச்செயல் பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. வேடந்தாங்கலில் எடுத்த படத்தில் வாராத பறவையொன்றை ஒட்டினால் தீங்கு இன்னும் பெரிது. எப்பறவை எவ்வாண்டில் எவ்வேரிக்கு வந்தது என்பதற்கு அப்படத்தையே பிற்காலத்தார் சான்றாகக் கொள்ளக்கூடும்.

இக்காரணம் பற்றியே, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர் நிழற்படப் போட்டியில், இறுதிக்கட்டத்தை எட்டுவோரிடம் கருவி பதிந்த மூலப் பதிவும் கேட்டுப் பெறப்படுகிறது. பயில்வோரும் மூலத்தைத் தொடாது காத்து, படியெடுத்த ஒன்றின் மேலேயே திருத்தம் செய்வர். நெய்து முடித்த பின்னும் கட்டத்தாளை நெசவாளர் எடுத்து வைப்பது போல.