லிஃப்ட் பராமரிப்பு: மேனேஜரிடம் நாம் கேட்க வேண்டியவை

லிஃப்ட் பழுதானால் சர்வீஸ் கம்பெனியைக் குறை சொல்கிறோம். ஆனால் தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், 1997-இன்படி உரிமம் பெற வேண்டியவர் கட்டட உரிமையாளர். அவர் சார்பில் அன்றாடம் கவனிப்பவரே மேனேஜர்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். எனவே சர்வீஸ் புத்தகத்தில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது. கம்பிவடம், பிரேக், கதவுப் பூட்டு, அலாரம், மின்தடையில் இயங்கும் பேட்டரி ஆகியவற்றை மெக்கானிக் சோதித்தாரா என்று மேனேஜர் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அடிக்குழியில் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது.

கதவு மூடாமலே லிஃப்ட் நகர்ந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே சிக்கினால் கதவை நெம்பி வெளியே குதிக்காமல் அலாரத்தை அழுத்திக் காத்திருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.