சித்தூர் எல்லையில் ஒரு குவளைக் கசப்பு

திருப்பதி: பெங்களூரிலிருந்து சாலை வழியே திருப்பதிக்கு வருவோர், கோலார், முல்பாகல் ஆகிய ஊர்களைக் கடந்ததும் ஆந்திர எல்லைக்குள் நுழைகின்றனர். பலமநேர், சித்தூர் வழியாகத் திருமலையை அடைவதற்குள் மூன்று விதமான மதுச் சட்டங்களை அவர்கள் தாண்டிவிடுகின்றனர்.

கர்நாடகத் தலைநகரில், உணவகத்திலேயே காய்ச்சி அங்கேயே குவளையில் ஊற்றித் தரும் பீர். ஆந்திரத்தில், குலுக்கல் முறையில் உரிமம் பெற்ற தனியார் கடைகள். திருமலையில் முழுத் தடை. சித்தூரிலிருந்து தெற்கே திரும்பினால் தமிழகத்தின் டாஸ்மாக் கடைகள். நான்கும் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கியவை.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களுக்கு இடையிலான ஓய்வில் இவ்வழியே வந்தபோது, பெங்களூரின் சிறு காய்ச்சுகூடம் ஒன்றில் "இந்தியா பேல் ஏல்" எனப்படும் பீரைச் சுவைத்துப் பார்க்க இச்செய்தியாளருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதைப் பரிந்துரைப்பதோ பழிப்பதோ நோக்கமன்று. அந்தக் குவளைக்குப் பின்னால் உள்ள அரசியலை அறிவதே நோக்கம்.

நாரத்தைத் தோலின் மணம்

செம்பு நிறம். மேலே வெண்ணுரை. முகர்ந்தால் நாரத்தைத் தோலைக் கிள்ளியது போன்ற மணம். முதல் மிடறில் லேசான இனிப்பு. அடுத்த கணமே, வேப்பம்பூ ரசத்தை நினைவூட்டும் கசப்பு நாவின் அடியில் தங்கிவிடுகிறது.

இந்தக் கசப்புக்குக் காரணம் "ஹாப்ஸ்" என்னும் கொடியின் பூ. பார்லி மால்ட், நீர், ஈஸ்ட் ஆகியவற்றுடன் சேரும் நான்காவது பொருள் இது. பீர் விரைவில் கெடாமல் காப்பதும் இதன் வேலை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் லண்டனிலிருந்து ஆப்பிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரில் ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பெயரில் "இந்தியா" ஒட்டிக்கொண்ட கதை இதுதான். இன்று ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலும் ஹாப்ஸ் பயிராகிறது.

இந்த வகை பீரில் ஆல்கஹால் பொதுவாக 6 முதல் 7 சதவீதம். வீரியம் மிகுந்ததுதான், ஆனால், வேகமாகக் குடிக்க முடியாது. ஒரு குவளையே போதும் என்பதைக் கசப்பே சொல்லிவிடுகிறது.

வீரியத்தைத் தீர்மானிப்பது யார்?

எல்லையைத் தாண்டி சித்தூர் வந்தால், கடைகளில் உள்ள பீர் புட்டிகளில் கண்ணில் படும் முதல் சொல் "ஸ்ட்ராங்". இந்தியாவில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இந்த வகையே. மத்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்டது ஸ்ட்ராங் பீர். இதில் கசப்பு குறைவு; இனிப்பும் போதையும் அதிகம்.

இது மக்களின் ருசி என்று கூறிவிடுவது எளிது. ஆனால், பல மாநிலங்களில் பீர் மீதான ஆயத்தீர்வை, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பொருத்தன்றி, லிட்டர் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ விதிக்கப்பட்டு வந்துள்ளது. வீரியம் குறைந்த புட்டிக்கும் கூடிய புட்டிக்கும் ஏறத்தாழ ஒரே வரி என்றால், தினக்கூலி பெறுபவர் எதை வாங்குவார்? கொடுக்கும் காசுக்குக் கூடுதல் போதை தருவதைத்தான். பெங்களூரில் குவளையின் கசப்பைக் காய்ச்சுபவர் தீர்மானிக்கிறார். சித்தூரில் புட்டியின் வீரியத்தைத் தீர்மானிப்பதில் வரி விதிக்கும் அதிகாரிக்கும் பங்கு உண்டு.

ராஜாஜியின் சோதனைக் களம்

மது அரசியல் சித்தூருக்குப் புதிதல்ல. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டே அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் அவர் கொண்டுவந்ததே பொது விற்பனை வரி.

அந்த விற்பனை வரியின் வாரிசுதான் 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரி. மதுவைக் கைவிடுவதற்காகப் பிறந்த வரியின் வாரிசு, மனிதர் அருந்தும் மதுவைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. தங்கள் கையிலுள்ள பெரும் வருவாயை விட்டுக்கொடுக்க மாநிலங்கள் இசையவில்லை.

ஆந்திரத்தின் ஊசலாட்டம்

1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் ஏழைப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் மாநிலத்தையே உலுக்கியது. 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. முழு மதுவிலக்கு வாக்குறுதியுடன் வென்ற என்.டி. ராமராவ், 1995 ஜனவரியில் அதை நடைமுறைப்படுத்தினார். அவரை அகற்றி முதல்வரான, சித்தூர் மாவட்டத்துக் குப்பம் தொகுதியின் சந்திரபாபு நாயுடு, 1997-இல் அதைத் தளர்த்தினார்.

படிப்படியான மதுவிலக்கு என்ற உறுதிமொழியுடன் 2019-இல் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி, அவ்வாண்டு அக்டோபர் முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். விலை உயர்ந்தது, அறிமுகமான பெயர்கள் பல மறைந்து, அறியாத பெயர்கள் கடைகளை நிரப்பின. தரமான மது, குறைந்த விலை என்பது 2024 தேர்தலில் நாயுடுவின் பிரசார முழக்கங்களில் ஒன்றாகவே ஆனது. அவர் வென்றதும், 2024 அக்டோபர் 16 முதல் 3,396 தனியார் கடைகள் திறக்கப்பட்டன. 99 ரூபாய்க்குக் கால் புட்டி அறிமுகமானது. முந்தைய ஆட்சியின் மதுக் கொள்கை குறித்துச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. முறைகேடுக் குற்றச்சாட்டுகளை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் மறுத்துள்ளது.

இத்தனை மாற்றங்களிலும் கடை யாருடையது, விலை என்ன, வருவாய் யாருக்கு என்ற கேள்விகளே முன்னின்றன. புட்டிக்குள் இருக்கும் வீரியம் எவ்வளவு, அது குடிப்பவரின் உடலையும் குடும்பத்தையும் என்ன செய்கிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. தூபகுண்டாப் பெண்கள் கேட்டதோ அந்தக் கேள்வியைத்தான்.

தில்லி என்ன செய்யலாம்?

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குப் பற்றிய விவாதம் நடந்தபோது, அரிசியில் காய்ச்சும் பீர் பழங்குடியினரின் சமயச் சடங்குகளோடு பிணைந்தது என்று ஜெய்பால் சிங் வாதிட்டார். அதையும் மீறி, மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்ற நெறி 47-ஆவது பிரிவாக இடம்பெற்றது. அதே அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மதுவையும் அதன் மீதான தீர்வையையும் மாநிலங்களிடம் ஒப்படைத்தது. ஒரு கையில் நெறி, மறு கையில் வருவாய் என்ற முரண்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

எனினும், "இது மாநில விவகாரம்" என்று கூறி மத்திய அரசு முற்றிலும் ஒதுங்கிவிட முடியாது. மதுபானங்களின் தரம், முகப்புச் சீட்டு, எச்சரிக்கை வாசகம் ஆகியவை நாடாளுமன்றம் 2006-இல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதற்கான விதிகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவை எல்லையோரக் கடைகள் வரை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு.

வரி விஷயத்திலும் முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டன் 2023 ஆகஸ்ட் 1 முதல் எல்லா மதுபானங்களுக்கும் ஆல்கஹால் அளவின் அடிப்படையில் தீர்வை விதிக்கிறது. வீரியம் கூடினால் வரியும் கூடும். பீர் முதல் கால் புட்டி வரை இதே கணக்கை நம் மாநிலங்கள் பின்பற்றினால், குறைந்த காசுக்குக் கூடுதல் போதை என்ற கவர்ச்சி பெருமளவு குறையும்.

திருமலை அடிவாரத்தில் பக்தர்களின் பைகள் சோதனையிடப்படுகின்றன. மதுவுக்கு மேலே இடமில்லை. கீழே கடை திறந்திருக்கிறது. 1938-இல் மதுவிலக்கைக் கண்ட இம்மண்ணில், கூலிப் பணம் மாலையில் வீடு வந்து சேருமா என்று காத்திருக்கும் பெண்ணுக்கு, கடை அரசுடையதா தனியாருடையதா என்பதில் என்ன வேறுபாடு? குவளையின் கசப்பு சற்று நேரத்தில் மறைந்துவிடும். இந்தக் கசப்பு அப்படி மறைவதில்லை.